மாத்திரை இல்லாமல் நித்திரை வருமா?



எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருகிறவர்களில் அநேகர், காய்ச்சலுக்கோ முழங்கால் வலிக்கோ மருந்து வாங்கிக்கொண்டு எழுந்தபின், கதவருகே நின்று, "டாக்டர், ராத்திரியில் பொட்டுத் தூக்கம் இல்லை" என்று சொல்வதுண்டு. அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு மாத்திரை. சிலர், முன்பு யாரோ எழுதிக்கொடுத்த மாத்திரையின் காலி அட்டையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, "இதையே எழுதிக்கொடுங்கள்" என்று நீட்டுவார்கள். நாங்களோ ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, ஒரு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறோம். அடுத்த வாரம் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, "இனி இரவு 12 மணிக்கு முன் படுக்க வேண்டாம்" என்கிறோம். தூக்கம் வராதவரைத் தூங்காதே என்று சொல்ல ஒரு ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு.

கேள்வி நியாயமானதே. ஒரு மருந்தை வியாதியஸ்தருக்குக் கொடுக்குமுன் அது உண்மையில் வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறார்கள். அப்படியானால் மருந்தில்லாத சிகிச்சையை யார் சோதித்தார்கள்? எப்படிச் சோதித்தார்கள்? இந்த இதழின் பாடத்திற்கு இதையே எடுத்துக்கொண்டோம்.

நாட்பட்ட நித்திரையின்மை என்று மருத்துவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். தூங்குவதற்கு நேரமும் இடமும் இருந்தும், வாரத்தில் 3 இரவுகளாவது தூக்கம் வராமலோ, இடையில் விழித்துக்கொண்டோ, விடியுமுன்னே எழுந்துவிட்டோ அவதிப்படுவதும், அதனால் பகல் வேலை கெடுவதும், இது 3 மாதங்களுக்குக் குறையாமல் நீடிப்பதுமே அது. கைக்குழந்தையோடு விழித்திருக்கும் தாயும், மில்லில் இரவு ஷிப்ட் பார்ப்பவரும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தூங்க அவகாசம் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு வியாதி ஏன் வந்தது என்பது ஒன்று. ஏன் போகாமல் நிற்கிறது என்பது வேறொன்று. நியூயார்க்கைச் சேர்ந்த ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர் 1980களில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். கணவரைப் பறிகொடுத்த 60 வயதுள்ள ஒரு தாயாரை எண்ணிக்கொள்வோம். இயல்பாகவே சிறு சத்தத்திற்கும் விழித்துக்கொள்ளும் சுபாவம் அவருடையது. துக்கம் வந்தது, தூக்கம் போயிற்று. இதுவரை நடந்தது எந்த மனிதருக்கும் நடக்கக்கூடியது. ஓராண்டு கழிந்து துக்கம் ஓரளவு ஆறிய பிறகும் தூக்கம் திரும்பவில்லை. காரணம் என்ன? இழந்த தூக்கத்தை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று அவர் இரவு 9 மணிக்கே பாயை விரித்துவிடுகிறார். காலை 6 மணி வரை எழுந்திருப்பதில்லை. பிற்பகலில் ஒரு மணி நேரம் கண்ணயர்கிறார். 9 மணி நேரம் படுத்து 5½ மணி நேரமே தூங்குகிறார். மீதி 3½ மணி நேரமும் இருட்டில் புரள்வதும் கடிகாரத்தைப் பார்ப்பதும், "நாளைக்கு எப்படி வேலை செய்வேன்" என்று கலங்குவதுமாகப் போகிறது. நாளடைவில் பாயைக் கண்டாலே உடம்பு விழித்துக்கொள்கிறது. தூக்கத்தை வரவழைக்க அவர் செய்வதெல்லாம் தூக்கமின்மையைத் தாங்கிப் பிடிக்கும் முட்டுக்கட்டைகளாகிவிட்டன. மருந்தில்லாத சிகிச்சை என்பது பெரும்பாலும் இந்த முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாக எடுப்பதுதான்.

எடுப்பதற்கு முக்கியமான வழிகள் இரண்டு. ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்கர் 1972-ல் முன்வைத்தது முதலாவது. தூக்கம் கண்ணைச் சுழற்றினால் மட்டும் படுக்க வேண்டும். படுத்துத் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடம் போய்விட வேண்டும். தூக்கம் வந்தபின் திரும்பலாம். எத்தனை முறை ஆனாலும் இப்படியே செய்ய வேண்டும். காலையில் எப்போதும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், பகலில் தூங்கக்கூடாது. படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்புக்கு மறுபடியும் பழக்குவதே இதன் நோக்கம்.

இரண்டாவது வழி ஸ்பீல்மன் 1987-ல் வெளியிட்டது. படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது. மேலே சொன்ன தாயாரின் கணக்கைப் பாருங்கள்: 540 நிமிடம் படுத்து 330 நிமிடம் தூங்குகிறார், அதாவது படுத்த நேரத்தில் 61 சதவீதம்தான் தூக்கம். இனி அவர் 330 நிமிடம் மட்டுமே படுக்கலாம், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5½ மணி வரை. முதல் வாரம் கொடுமையாகத்தான் இருக்கும். ஒருவேளை 300 நிமிடம்தான் தூங்குவார். முன்பு தூங்கியதைவிட அரை மணி நேரம் குறைவு. ஆனால் படுத்த நேரத்தில் அது 90 சதவீதத்திற்கு மேல். துண்டு துண்டாக இருந்த தூக்கம் ஒட்டிக்கொண்டது. இப்படி 90 சதவீதத்தைத் தொட்டவர்களுக்கு 15 நிமிடம் கூட்டிக் கொடுப்பார்கள். அவர் இனி 11.45-க்குப் படுக்கலாம். 85-க்குக் கீழே போனால் மறுபடி குறைப்பார்கள். நேரத்தை ஒரேயடியாக அள்ளிக் கொடுப்பதில்லை, ரேஷன் கடையில் அளப்பதுபோலத்தான். ஸ்பீல்மன் முதலில் இதைச் செய்து பார்த்தது 35 பேருக்கு. அவர்கள் தேறினார்கள்.

ஆனால் 35 பேர் தேறினார்கள் என்பதே ஒரு நிரூபணமாகாது. நம் ஜனங்களில் பலர் ஏமாந்துபோகும் இடம் இதுதான். கொஞ்சம் நின்று விளங்கிக்கொள்வோம்.

சோதனை ஏன் கடினம்?

தூக்கமின்மை ஒரே சீராக இருப்பதில்லை. ஒரு மாதம் மோசமாகும், அடுத்த மாதம் தணியும். மனிதர்கள் வைத்தியரைத் தேடி வருவது மிக மோசமான வாரத்தில். அந்த வாரத்தில் எதைக் கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும், அடுத்த வாரம் சற்று நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கசகசாவோ கஷாயமோ மந்திரித்த கயிறோ, அந்த நேரத்தில் கொடுத்தவருக்குப் பெயர் கிடைத்துவிடும்.

அடுத்தது நம்பிக்கையும் கவனிப்பும். ஒருவர் உட்கார்ந்து அரை மணி நேரம் நம் கதையைப் பொறுமையாகக் கேட்டாலே மனபாரம் குறைகிறது, அன்றிரவு கண் மூடுகிறது. மருந்துச் சோதனையில் இதைச் சமாளிக்க வழி உண்டு. உள்ளே மருந்தில்லாத, பார்வைக்கு ஒன்றேபோல இருக்கும் போலி மாத்திரையைப் பாதிப் பேருக்குக் கொடுத்து, யாருக்கு எது என்று வைத்தியருக்கும் வியாதியஸ்தருக்கும் தெரியாமல் மறைத்துவிடலாம். ஆனால் நள்ளிரவு வரை விழித்திரு என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, அவருக்கே தெரியாமல் அதை எப்படி மறைப்பது?

மூன்றாவது தொல்லை அளவுகோல். தூங்கிய நேரத்தைத் தூங்கியவரே சொல்ல வேண்டியிருக்கிறது. தலையில் கம்பிகள் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் கருவி உண்டு. அதை வைத்துப் பார்த்தால், தூக்கமின்மையால் அவதிப்படுகிறவர்களில் பலர் தாங்கள் நினைப்பதைவிட அதிக நேரம் தூங்குகிறார்கள். அதனால் அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுடைய அவதி உண்மை. ஆனால் சோதிக்கிறவர் நோட்டையும் கருவியையும் இரண்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது. இவற்றோடு 7 கேள்விகளுள்ள ஒரு படிவமும் இன்று பரவலாக உபயோகத்தில் இருக்கிறது. கனடாவின் கியூபெக் நகரிலுள்ள லவால் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் மோரின் அமைத்தது அது. மொத்த மதிப்பெண் 28; 7-க்குள் இருந்தால் கவலையில்லை, 15-ஐ எட்டினால் சிகிச்சை தேவைப்படும் நித்திரையின்மை என்று பொருள்.

இந்தத் தொல்லைகளுக்கு ஆராய்ச்சியாளர்கள் கண்ட மாற்று வழிகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது 1974-ல் வெளியான ஒன்று. ஸ்டெய்ன்மார்க், போர்கோவெக் என்ற இருவர் செய்தது. உடம்பைத் தளர்த்தும் பயிற்சியைச் சிலருக்கும், வெறுமனே சிகிச்சைபோலத் தோன்றும் ஒன்றை வேறு சிலருக்கும் கொடுத்தார்கள். ஆனால் எல்லாரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்தார்கள்: "4-வது சந்திப்பு முடியும்வரை எந்த முன்னேற்றமும் தெரியாது, எதிர்பார்க்கவும் வேண்டாம்." இப்போது யோசித்துப் பாருங்கள். வைத்தியரைத் திருப்திப்படுத்துவதற்காக "நன்றாயிருக்கிறது ஐயா" என்று சொல்கிறவர், இந்த இடத்தில் திருப்திப்படுத்த வேண்டுமானால் "ஒன்றும் குணமில்லை" என்றல்லவா சொல்ல வேண்டும்! நம்பிக்கையினால் மட்டும் வரும் சுகம் அந்த வாரங்களில் வர வழியில்லை. அப்படியிருந்தும் உண்மையான பயிற்சி பெற்றவர்களுக்குத் தூக்கம் சீக்கிரம் வரத் தொடங்கியது. போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அப்படி நேரவில்லை. ஒரு ரூபாய் செலவில்லாமல், ஒரே ஒரு வாக்கியத்தால் போலியையும் மெய்யையும் பிரித்துவிட்டார்கள்.

மாத்திரையோடு நேருக்கு நேர்

1990களில் பூட்சின், ஸ்பீல்மன் ஆகியோரின் வழிகளோடு, தூக்கத்தைப் பற்றிய வீண் பயங்களைப் பேசித் திருத்துவதும் சேர்ந்து ஒரே சிகிச்சையாக உருவெடுத்தது. 'எட்டு மணி நேரம் தூங்காவிட்டால் செத்துப்போவேன்' என்பது போன்ற பயங்கள் அவை. இனி இதை நடத்தைச் சிகிச்சை என்றே அழைப்போம். இதை மாத்திரையோடு மோதவிட்டுப் பார்த்த சோதனைகளில் பெயர்பெற்றது மோரின் 1999-ல் வெளியிட்டது. முதியோர் 78 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நடத்தைச் சிகிச்சை, ஒன்றுக்கு டெமாசெபாம் என்ற தூக்க மாத்திரை, ஒன்றுக்கு இரண்டும், ஒன்றுக்குப் போலி மாத்திரை. எட்டு வாரங்கள் நடந்தது. நடுஇரவில் விழித்துக் கிடக்கும் நேரம் நடத்தைச் சிகிச்சையில் 55 சதவீதம் குறைந்தது, மாத்திரையில் 46.5 சதவீதம், இரண்டும் சேர்ந்ததில் 63.5 சதவீதம், போலி மாத்திரையில் 16.9 சதவீதம்.

போலி மாத்திரைக்கும் ஏறக்குறைய 17 சதவீதம் பலன் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஒப்பிட ஒரு பிரிவு இல்லாதிருந்தால் அதையும் சிகிச்சையின் கணக்கில் சேர்த்திருப்போம்.

எட்டு வாரக் கணக்கை மட்டும் பார்த்தால் மாத்திரையும் குறைந்ததல்ல. இரண்டும் சேர்ந்தது எல்லாவற்றிலும் சிறந்ததாகத் தெரிகிறது. ஆனால் அவர்கள் 2 ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்தார்கள். நடத்தைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் பலன் நிலைத்து நின்றது. மாத்திரை மட்டும் பெற்றவர்களின் பலன் நிலைக்கவில்லை. எங்கள் அபிப்பிராயத்தில் இந்த ஆராய்ச்சியின் சாரமே அந்த இரண்டாண்டுப் பொறுமையில்தான் இருக்கிறது. எட்டாம் வாரத்தோடு மூட்டை கட்டியிருந்தால் வேறு முடிவுக்குப் போயிருப்பார்கள்.

2001-ல் ஜாக் எடிங்கர் குழுவினர் 75 பேரை வைத்து இன்னும் கடினமான ஒரு கேள்வியைக் கேட்டார்கள். பலன் தருவது இந்தச் சிகிச்சையா, அல்லது ஒருவர் வாரந்தோறும் உட்கார்ந்து பேசுவதா? ஒரு பிரிவுக்கு நடத்தைச் சிகிச்சை. இன்னொரு பிரிவுக்குத் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு அதே நேரம், அதே அக்கறை, ஆனால் உள்ளே சரக்கில்லாத ஒரு போலிப் பயிற்சி. இரவில் விழித்திருக்கும் நேரம் முறையே 54, 16, 12 சதவீதம் குறைந்தது. பேச்சும் அன்பும் 12 சதவீதம், மீதி சிகிச்சையினுடையது. அன்பாய்ப் பேசுவது வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. அதை மட்டும் நம்பியிருக்கக்கூடாது என்பதே பொருள்.

நார்வேயின் பெர்கன் நகரில் 46 முதியோரைக் கொண்டு நடந்து 2006-ல் வெளியான சோதனை, இன்று பரவலாக எழுதப்படும் சோபிக்ளோன் மாத்திரையை எடுத்துக்கொண்டது. ஆறாவது மாதத்தில், படுத்த நேரத்தில் தூங்கும் பங்கு நடத்தைச் சிகிச்சைப் பிரிவில் 81.4-லிருந்து 90.1 சதவீதமாக உயர்ந்திருந்தது. மாத்திரைப் பிரிவில் 82.3-ல் இருந்தது 81.9 ஆயிற்று, அதாவது இருந்த இடத்திலேயே இருந்தது. மாத்திரை விழுங்கியதற்குக் கைம்மாறு அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட சோதனைகள் சேரச் சேர, 2016-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி, நாட்பட்ட நித்திரையின்மையுள்ள எல்லா வயது வந்தோருக்கும் முதலில் நடத்தைச் சிகிச்சையையே கொடுக்க வேண்டும், மாத்திரையைப் பிற்பாடு யோசிக்கலாம் என்று அறிவித்தது. ஐரோப்பிய வழிகாட்டிகளும் இதையே சொல்கின்றன.

வாசகர்களில் சிலர் இதற்குள், "அப்படியானால் எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம்?" என்று கேட்பீர்கள். பதில் ஏமாற்றமாக இருக்கலாம். 2015-ல் 20 சோதனைகளைத் தொகுத்துக் கணக்கிட்டதில், தூக்கம் வரும்வரை காத்திருக்கும் நேரம் சுமார் 19 நிமிடமும், நடுவில் விழித்திருக்கும் நேரம் 26 நிமிடமும் குறைந்தன. மொத்தத் தூக்கம் கூடியதோ சிகிச்சை முடிந்த சமயத்தில் 8 நிமிடம்கூட இல்லை. ஆகவே, "எங்களிடம் வாருங்கள், இரட்டிப்பாகத் தூங்குவீர்கள்" என்று நாங்கள் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. இருட்டில் புரளும் நேரம் குறையும், தூக்கம் தொடர்ச்சியாகும் என்று மட்டும் சொல்கிறோம். அந்த வேறுபாட்டின் அருமை, இரவு 2 மணிக்கு உத்தரத்தை எண்ணிக்கொண்டு கிடந்தவர்களுக்குத் தெரியும்.

எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை

ஐந்தாறு சரக்குகள் சேர்ந்த கஷாயத்தில் எது குணம் தருகிறது என்று கேட்பதுபோல, இந்தச் சிகிச்சையிலும் கேட்டார்கள். 2024-ல் ஃபுருகாவா என்ற ஜப்பானியப் பேராசிரியரின் குழு 241 சோதனைகளை, அதாவது 31,452 பேரின் கணக்குகளை, ஒன்றாக வைத்துப் பிரித்துப் பார்த்தது. படுக்கை நேரத்தைக் குறைப்பது, தூக்கம் வராவிட்டால் எழுந்துபோவது, வீண் பயங்களைத் திருத்துவது ஆகியவை பலன் தருவதாகத் தெரிந்தது. தசைகளைத் தளர்த்தும் பயிற்சி பலன் தருவதாகத் தெரியவில்லை. பாதகமாகக்கூட இருக்கலாம் என்றார்கள். "மாலைக்குப்பின் காப்பி வேண்டாம், அறையை இருட்டாக வையுங்கள், படுக்குமுன் டெலிவிஷன் வேண்டாம்" என்ற புத்திமதிகள் அவசியமானவையாகத் தெரியவில்லை.

இந்தக் கடைசிச் செய்தி எங்களை யோசிக்க வைத்தது. ஏனென்றால் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் சுவரில் ஒட்டியிருப்பது இந்தப் புத்திமதிகள்தான். சொல்வது சுலபம், அச்சடிப்பது மலிவு. இவை தவறானவை அல்ல. ஆனால் ஆறு மாதமாகத் தூங்காதவருக்குக் காப்பியை நிறுத்தச் சொல்லி அனுப்பிவிட்டு, அவருக்குச் சிகிச்சை கொடுத்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்ள முடியாது.

யோகாசனம் பற்றிக் கேட்டு எழுதுகிறவர்களும் உண்டு. பெங்களூரிலுள்ள ஒரு முதியோர் இல்லத்தில் 69 பேரைக் கொண்டு மஞ்சுநாத், ஷெர்லி டெல்ஸ் ஆகிய இருவர் நடத்திய ஆய்வு 2005-ல் வெளிவந்தது. ஆறு மாதம் யோகப் பயிற்சி செய்தவர்கள் முன்னைவிட 10 நிமிடம் சீக்கிரம் தூங்கியதாகவும், ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கியதாகவும் சொன்னார்கள். ஆயுர்வேத மருந்து பெற்ற பிரிவிலும், ஒன்றும் பெறாமல் காத்திருந்த பிரிவிலும் அப்படிப்பட்ட மாற்றமில்லை. நல்ல செய்திதான். ஆனால் மேலே படித்ததை நினைவில் வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் என்பது அவர்களே சொன்ன கணக்கு. தினமும் கூடிப் பயிற்சி செய்வதின் கலகலப்பும் அதில் சேர்ந்திருக்கிறது. அதே கலகலப்புள்ள போலிப் பயிற்சிப் பிரிவு ஒன்று அங்கே இல்லை. சீனரின் தாய்ச்சி என்ற மென்மையான உடற்பயிற்சியைச் சற்றுக் கடினமாகவே சோதித்தார்கள். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 90 பெண்களைக் கொண்டு 2017-ல் வெளியான அமெரிக்கச் சோதனையில் அதை நடத்தைச் சிகிச்சையோடே ஒப்பிட்டார்கள். 15-வது மாதத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றன. அக்குபங்சர் ஊசிமுறைக்குச் சோதனைகள் எண்ணிக்கையில் குறைவில்லை, தரத்தில்தான் குறைவு.

நர்ஸ்கள் செய்யலாமா?

எங்களைப் போன்ற ஆஸ்பத்திரிக்கு இதுவே பெரிய கேள்வி. மேலே சொன்ன சோதனைகளில் பலவற்றில் சிகிச்சை அளித்தவர்கள் உளவியல் நிபுணர்கள். அப்படிப்பட்டவர் நம் ஜில்லாக்களில் எத்தனை பேர்? நல்ல மருந்து கண்டுபிடித்தும் அது தலைநகரத்துக் கடையில் மட்டும் கிடைத்தால் கிராமத்தாருக்கு என்ன பிரயோஜனம்?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் டேனியல் பைஸீ குழுவினர் சிகிச்சையைச் சுருக்கிப் பார்த்தார்கள். நேரில் இரு சந்திப்பு, தொலைபேசியில் இரு பேச்சு. கொடுத்தவர் ஒரு நர்ஸ். 2011-ல் வெளியான அந்தச் சோதனையில் முதியோர் 79 பேர் இருந்தார்கள். சிகிச்சை பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நித்திரையின்மை நீங்கியது. அச்சிட்ட தாள்களை மட்டும் பெற்றவர்களில் 13 சதவீதத்தினருக்கு.

இதைவிடப் பெரியது இங்கிலாந்தில் நடந்து 2023-ல் வெளியான சோதனை. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த சைமன் கைல் குழுவினர் 35 பொது மருத்துவ நிலையங்களில் 642 பேரைச் சேர்த்தார்கள். அந்த நிலையங்களில் ரத்தம் எடுத்து, புண்ணுக்குக் கட்டுப்போட்டு வரும் நர்ஸ்களுக்கே பயிற்சி கொடுத்து, ஸ்பீல்மனின் வழியை மட்டும் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். நாலே வாரம், நாலே சந்திப்பு. எதிர்ப் பிரிவுக்கு அந்தச் சுவரொட்டிப் புத்திமதிகள் அடங்கிய சிறு புத்தகம் மட்டும். ஆறாவது மாதத்தில் 28-க்கான மதிப்பெண் சிகிச்சைப் பிரிவில் 10.9, புத்தகப் பிரிவில் 13.9. பன்னிரண்டாவது மாதத்திலும் வித்தியாசம் இருந்தது. மூன்று மதிப்பெண் அற்புதமல்ல. ஆனால் நாலு வாரத்தில், நிபுணர் இல்லாமல், மாத்திரை இல்லாமல் கிடைத்து ஓராண்டு நின்ற மூன்று மதிப்பெண் அது. யாருக்கு எது என்று மறைக்க முடியாத சோதனை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊருக்கு ஏற்றபடி சில காரியங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. "எழுந்து அடுத்த அறைக்குப் போங்கள்" என்று பூட்சின் சொன்னார். ஒரே கூடத்தில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் அடுத்த அறை எங்கே? ஆகவே பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் திண்ணையிலோ சுவரோரமாகவோ உட்காரச் சொல்கிறோம். பாய் விரித்திருந்தால் தூக்கம், சுருட்டியிருந்தால் விழிப்பு என்று உடம்பு கற்றுக்கொண்டால் போதும். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்குப் போகும் பேரனோ பேத்தியோ காலையில் கேட்டு எழுதுகிறார்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், தூக்கம் வர ஏறக்குறைய எவ்வளவு நேரம், எத்தனை முறை விழிப்பு, கடைசியாக எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், பகலில் தூங்கினீர்களா. இரவில் கடிகாரம் பார்க்க வேண்டாம், உத்தேசமாகச் சொன்னால் போதும். அநேகருக்கு அந்த ஒரு வார நோட்டே கண்ணைத் திறக்கிறது. "ஒரு நாளும் தூங்கவில்லை என்று நினைத்தேன், நாலு நாள் தூங்கியிருக்கிறேனே!" என்பார்கள்.

எல்லாருக்கும் இது ஆகாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்குத் தூக்கக் குறைவே வலிப்பைக் கொண்டுவரும். ஒரு காலம் அளவில்லாத உற்சாகமும் ஒரு காலம் ஆழ்ந்த சோர்வுமாக மாறி மாறி வரும் மனநோய் உள்ளவர்களுக்கும் படுக்கை நேரத்தைக் குறைப்பது ஆபத்து. பஸ், லாரி ஓட்டுகிறவர்களுக்கும், உயரத்திலும் எந்திரத்தின் அருகிலும் வேலை செய்கிறவர்களுக்கும் முதல் வாரங்களின் பகல் தூக்கம் உயிருக்கே உலை வைத்துவிடும். பலத்த குறட்டையும், இடையில் மூச்சு நின்று திணறி விழிப்பதும் உள்ளவருக்குத் தேவை வேறு பரிசோதனை. ஆகவே இதைப் படித்துவிட்டு வீட்டில் தாமாகவே தொடங்க வேண்டாம். மருத்துவரிடம் காட்டிய பின்பே செய்ய வேண்டும். நேரத்தைக் குறைத்தாலும் 5 மணி நேரத்திற்குக் கீழே நாங்கள் போவதில்லை.

கடைசியாக, ஏற்கெனவே வருஷக்கணக்கில் மாத்திரை போடுகிறவர்களைப் பற்றி. அல்ப்ரசோலாம், டயசெபாம், சோல்பிடெம் போன்றவை நம் நாட்டில் எச்1 அட்டவணையில் உள்ளவை. 2014 மார்ச் முதல், மருந்துக்கடைக்காரர் சீட்டின் விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. முதியோருக்கு இவற்றால் தடுமாற்றமும், இரவில் எழுந்து போகையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் நேரிடுகின்றன. பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அதைவிட மோசம். நடுக்கம், படபடப்பு, சிலருக்கு வலிப்பு வரை போகும்; முன்னைவிட மோசமாகத் தூக்கம் கெடும்.

இதையும் மோரின் குழுவினர் சோதித்தார்கள். 2004-ல் வெளியான அந்த ஆய்வில் சேர்ந்த முதியோர் 76 பேரும் சராசரியாக 19 ஆண்டுகள் மாத்திரை போட்டவர்கள். பத்து வாரத்தில் அளவைப் படிப்படியாகக் குறைப்பது மட்டும் ஒரு பிரிவுக்கு, நடத்தைச் சிகிச்சை மட்டும் ஒன்றுக்கு, இரண்டும் ஒன்றுக்கு. முடிவில் மாத்திரையை முற்றிலும் விட்டவர்கள் முறையே 48, 54, 85 சதவீதம். 19 ஆண்டுப் பழக்கம், பத்து வாரம், நூற்றுக்கு எண்பத்தைந்து பேர். எங்கள் நர்ஸ்கள் இந்த எண்ணைத்தான் காலி அட்டையோடு வருகிறவர்களிடம் முதலில் சொல்கிறார்கள். பிறகு மாத்திரையைக் கால் பாகம் குறைத்து எழுதித் தரும்படி டாக்டரிடம் அனுப்பி, நோட்டைக் கையில் கொடுத்து, அடுத்த வாரம் வரவேண்டிய நாளை அட்டையில் குறித்துக் கொடுக்கிறார்கள்.